மரத்தவளையின் வயசு

எங்கள் மங்கலம்பேட்டைப் பக்கம் விரால் பிடிக்க முள்ளில் சின்னத் தவளையைக் கோர்ப்பார்கள். அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்து டோவாஜியாக் ஊரில், ஜேம்ஸ் ஹெட்டன் என்பவர் 1898 வாக்கில் அந்தத் தவளையை மரத்திலேயே செதுக்கிவிட்டார். மனுஷர் அதற்கு முன்பே தேனீ வளர்ப்பில் பேர் வாங்கியவர். குளக்கரையில் சும்மா சீவி எறிந்த மரத்துண்டை மீன் பாய்ந்து அடித்ததாம், அதில் வந்த யோசனையாம். கதை நல்லாத்தான் இருக்கு. அவர் கையால் செதுக்கிய தவளை இன்றைக்கு ஏலத்தில் ஆயிரக்கணக்கான டாலர் போகும்.

நம்ம ஊரில் இதெல்லாம் எப்படிக் கிடைக்கும் என்று கேட்பீர்கள். வெள்ளைக்கார அதிகாரிகளுக்குத் தூண்டில் பைத்தியம் உண்டு. மெட்ராஸ் சிவில் சர்வீஸில் இருந்த எச்.எஸ். தாமஸ் 1873-ல் 'தி ராட் இன் இந்தியா' எழுதினார். குளத்துத் தூண்டிலுக்கென்றே இன்னொரு புத்தகமும் போட்டார். மலை பங்களாக்களின் பழைய சாமான்களோடு தூண்டில் பெட்டியும் எப்போதாவது வரும்.

அப்படி வந்த ஒரு மர மீனை நண்பர் ஒருவர் போன வாரம் போட்டோ அனுப்பினார். "பெயின்ட் வெடிச்சிருக்கு, புதுசா அடிச்சிடட்டுமா?" என்றார். ஐயா, தொடாதீங்க! அந்த வெடிப்புதான் அதன் ஜாதகம். பழைய வார்னிஷ் மஞ்சளாகி, வெள்ளை நிறமே கிரீம் மாதிரி தெரியும். மறுபூச்சு அடித்தால் விலையில் பெரும்பகுதி அங்கேயே போச்சு.

முதலில் கண்ணைப் பாருங்கள். கண்ணாடிக் கண் என்றால் பெரும்பாலும் இரண்டாம் உலகப்போருக்கு முந்தியது. ஆனால் கண்ணை மாற்றிவிடலாம், அதனால் முள் மாட்டியிருக்கும் இடம்தான் நம்பகமான சாட்சி. ஹெட்டனில் ஆரம்பத்தில் சின்னக் கிண்ணம் பதித்து நடுவில் வளையத் திருகு. 1917 வாக்கில் ஆங்கில எல் எழுத்து மாதிரி வளைந்த கம்பி. 1930களில் இரண்டு தகடு. பூச்சு ஒரு காலம், கம்பி ஒரு காலம் என்றிருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். திருகின் வெட்டில் புதுக்கீறல், கிண்ணத்துக்குள் வழிந்த பெயின்ட், இரண்டும் சந்தேகத்துக்குரியவை. புற ஊதா டார்ச் அடித்தால் பல புதுப்பூச்சுகள் தனியாக மின்னும்.

நண்பரின் மீனுக்கு எல் கம்பி, கண்ணாடிக் கண். பெயின்ட் டப்பாவைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.