காலையில் மாத்திரை, மாலையில் பூ டீ



சில மாதங்களுக்கு முன் ஒரு நாள், பால் வெட்டு முடிகிற நேரத்தில், எங்கள் எஸ்டேட் மருந்தகத்துக்கு ஓர் அக்காவைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். வயது ஐம்பத்தைந்துக்கு மேல். பின்மண்டை வலி, தலைச்சுற்றல். ரத்த அழுத்தம் பார்த்தேன்: 190/110. மாதாமாதம் அரசாங்கக் கிளினிக்கில் மாத்திரை வாங்குகிறவர்தான்.

"அக்கா, மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களா?" என்று கேட்டேன்.

"மூணு வாரமாப் போடலீங்க ஐயா. மக கோலாலம்பூர்ல இருந்து பூ டீ வாங்கி அனுப்பியிருக்கா. அதைக் குடிச்சா கொதிப்பு தன்னால அடங்கிடும்னு பக்கத்து லயத்துல சொன்னாங்க. மாத்திரை கிட்னியைக் கெடுத்துடுமாமே?"

உடனே எஸ்டேட் வண்டியில் கிளினிக்குக்கு அனுப்பினேன். நல்ல வேளை, கை கால் விழவில்லை, உயிருக்கும் ஆபத்தில்லை. இரண்டு நாள் கழித்து அந்த டீ பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு வந்தார். "இதைத் தூக்கிப் போட்டுடவா ஐயா?" என்றார். "வேண்டாம் அக்கா. பூ மேல என்ன குற்றம்? வாங்க, சுடுதண்ணி வைப்போம்" என்றேன். அன்று நாங்கள் பேசியதைத்தான் இன்று உங்களுக்கு எழுதுகிறேன்.

அந்தப் பூவின் பெயர் கெமோமைல். தமிழில் சீமைச் சாமந்தி என்பார்கள். சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சின்னப் பூ. சுற்றிலும் வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் குமிழ். நம் ஊர்ச் சீனர் கடைகளில் விற்கும் கெக்வா பூத் தண்ணீர் இருக்கிறதே, அந்தப் பூவுக்கு இது தம்பி முறை. இரண்டும் ஒரே குடும்பம். ஐரோப்பாவில் நெடுங்காலமாக வீட்டு வைத்தியமாகப் புழங்கி வருகிறது. எகிப்து நாட்டில் ஏராளமாகப் பயிர் செய்து வெளிநாடுகளுக்கு அனுப்புகிறார்கள். இதில் தேயிலை துளியும் கிடையாது. ஆகவே தூக்கத்தைக் கெடுக்கும் கஃபினும் கிடையாது.

இதைப் போடுவதற்கும் ஒரு முறை உண்டு. கொதிக்கும் தண்ணீர் ஒரு கோப்பை, அதில் ஒரு பொட்டலம். உதிரிப் பூவாக இருந்தால் இரண்டு தேக்கரண்டி. போட்டவுடன் ஒரு தட்டால் மூடி விடுங்கள். வாசனை எண்ணெய் ஆவியோடு பறந்து போகும் என்பதால்தான் இந்த மூடி. ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல் ஊறட்டும். பத்து நிமிடத்தைத் தாண்டினால் கசப்பு ஏறும். தட்டைத் தூக்கும்போது அதன் அடியில் நிற்கும் நீர்த்துளிகளைக் கோப்பைக்குள்ளேயே தட்டி விடுங்கள். அதில்தான் மணம் இருக்கிறது.

இனி அவசரப்படாதீர்கள். பிரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று ஒரே மடக்காக ஊற்றிக்கொள்கிற டீ இல்லை இது. முதலில் கண்ணால் பாருங்கள்: இளமஞ்சள் நிறம். பிறகு மூக்கருகே கொண்டு போங்கள். பழுத்த ஆப்பிள் வாடை வரும். கிரேக்கர்கள் இதற்கு வைத்த பெயருக்கே 'தரை ஆப்பிள்' என்றுதான் அர்த்தம். ஆப்பிளுக்குப் பின்னால், லாலாங் வெட்டி வெயிலில் காயப்போட்ட மேட்டில் வருமே, அந்தக் காய்ந்த புல் வாசமும் லேசாகத் தெரியும். அதன் பிறகு ஒரு சிறு மிடறு எடுத்து நாக்கிலே சற்று நிறுத்துங்கள்.

அக்கா முதல் மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "என்னங்க ஐயா, வெந்நீர்ல புல்லைப் போட்ட மாதிரி சப்புன்னு இருக்கு! ரெண்டு கரண்டி சீனி போடட்டுமா?"

"போடாதீங்க. இன்னும் நாலு வாய் குடிங்க" என்றேன்.

நாலாவது வாயில், "அடியில கொஞ்சம் இனிக்குதுங்க, கடைசியில ஒரு கசப்பு" என்றார். அதுதான் இதன் ருசி. சூடு ஆற ஆற இன்னும் நன்றாகத் தெரியும்.

தோழர்களே, முதல் வாயில் ஏன் தெரியவில்லை? நம் நாக்கு அப்படிப் பழகிவிட்டது. நாம் குடிக்கும் டின் பாலில் ஏறக்குறைய பாதி சீனிதான். அதற்கு மேல் இரண்டு கரண்டி சீனி. ஒரு நாளைக்கு நாலு கோப்பை என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைய சேர்க்கைச் சீனி சுமார் 25 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொல்லியிருக்கிறது. 2023-இல் நம் சுகாதார அமைச்சு எடுத்த ஆய்வில், நாட்டில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியரிடையே இது இன்னும் அதிகம். என் மருந்தகத்தில் கால் புண்ணுக்குக் கட்டுப் போடும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்குத்தான் ஞாபகம் வரும்.

சீனி இல்லாமல் ருசி பார்க்கப் பழகிய நாக்கு, தே ஓ கோசோங்கையும் ஏற்றுக்கொள்ளும். என் எண்ணத்தில் இந்தப் பூ டீயின் பெரிய பயன் அதுதான். ஆனால் கடையில் டின்னிலும் பெட்டியிலும் விற்கும் இனிப்புக் கெக்வா தண்ணீரை இதோடு சேர்க்காதீர்கள். அது பூ வாசம் போட்ட சீனித் தண்ணீர்.

தூக்கம் வருமா என்று கேட்பீர்கள். இதைப் பற்றிச் செய்த ஆராய்ச்சிகள் சிறியவை. சிலருக்குக் கொஞ்சம் நிம்மதியாகத் தூக்கம் வந்தது. சிலருக்கு வித்தியாசமே தெரியவில்லை. ஆனால் இன்னொன்று நிச்சயம். நாம் இரவு எட்டு மணிக்குக் குடிக்கும் தே தாரிக்கில் கஃபின் இருக்கிறது. அதில் பாதி உடம்பை விட்டுப் போக ஐந்து மணி நேரம் போலாகும். விடியற்காலை எழுந்து வேலைக்குப் போகிறவன் நள்ளிரவு ஒரு மணிக்கும் புரண்டு கொண்டிருந்தால் என்ன ஆகும்? கத்தி கையைப் பதம் பார்க்கும். அந்த எட்டு மணி டீக்குப் பதிலாக இதைக் குடித்தால் அதுவே லாபம்.

கொதிப்பு அடங்குமா? இதை நம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாது. கிட்னியைக் கெடுப்பது மாத்திரை என்று சொல்வது தலைகீழான பேச்சு. அடக்காமல் விட்ட கொதிப்புத்தான் கிட்னியைக் கெடுக்கிறது. மூளை நரம்பையும் வெடிக்கச் செய்கிறது. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்றித் தருவார். நாமாக நிறுத்தக் கூடாது.

இன்னும் சில எச்சரிக்கைகள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் இதைக் குடிக்க வேண்டாம். ரத்தக் கசிவு ஏற்படலாம். தூக்க மாத்திரை எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும் கிளினிக்கில் கேட்டுக்கொள்ள வேண்டும். சாமந்திப் பூ பட்டால் தடிப்போ தும்மலோ வருகிறவர்கள் தொடவே வேண்டாம். குடித்த பின் உதடு வீங்கினாலோ மூச்சு இறுக்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்குத் தாய்ப்பால் மட்டுமே. பூத் தண்ணீரும் வேண்டாம், வேறெதுவும் வேண்டாம். ஒரு வயது ஆகும்வரை தேனும் கொடுக்கக் கூடாது.

வாங்கும்போது பூ முழுசாக, நடுக்குமிழ் மஞ்சளாக இருக்கிறதா என்று பாருங்கள். பழுப்பேறித் தூளாகிக் கிடந்தால் மணம் போய்விட்டது. நம் ஊர் ஈரக்காற்றுக்கு இறுக்கமான டின்னில் போட்டு வைப்பது நல்லது.

அந்த அக்கா மறுபடி மாத்திரை ஆரம்பித்தார். போன மாதம் பார்த்தபோது ரத்த அழுத்தம் 138/84. "காலையில மாத்திரை, சாயந்திரம் பூ டீங்க ஐயா. சீனி போடறதில்லே" என்று சிரித்தார்.

தோழர்களே, இன்று வேலை முடிந்து வந்து குளித்த பிறகு, லயத்து வாசலில் கால்மணி நேரம் உட்காருங்கள். கையில் ஒரு கோப்பை, சீனி இல்லாமல். மெதுவாகக் குடியுங்கள். ஆனால் அதற்கு முன், காலையில் மாத்திரை போட்டோமா என்று ஒரு முறை யோசித்துக்கொள்ளுங்கள்.