கூகுளுக்குப் பிடிக்கும் என்று யார் சொன்னது?

அமெரிக்காவின் மூத்த தொழில்நுட்பச் செய்தித் தளங்களில் ஒன்று சி-நெட். அது தன்னுடைய பழைய கட்டுரைகளை ஆயிரக்கணக்கில் நீக்கிவருகிறது என்ற செய்தி 2023 ஆகஸ்டில் வெளியே வந்தது. அதற்கான காரணத்தைச் சொல்லும் உள்சுற்றறிக்கை ஒன்று கிஸ்மோடோ தளத்தின் கைக்குக் கிடைத்தது. பழைய சரக்கைக் கழித்துவிட்டால் தளம் புத்தம் புதிதாக இருப்பதாகக் கூகுள் எடுத்துக்கொள்ளும், தேடலில் போட்டியாளர்களுக்கு மேலே கொண்டுபோய் வைக்கும் என்பதுதான் அதன் சாரம்.

கூகுள் தேடலுக்கும் வெளியுலகுக்கும் நடுவே தொடர்பாளராக இருந்தவர் டேனி சல்லிவன். ஏறக்குறைய அதே நாட்களில், யார் பெயரையும் குறிப்பிடாமல், அவர் சமூக ஊடகத்தில் ஒரு வரி எழுதினார். பழையது என்பதாலேயே கூகுளுக்கு ஒரு பக்கம் பிடிக்காது என்று நம்பி அழிக்கிறீர்களா, அப்படி ஒன்று கிடையவே கிடையாது என்றார்.

இத்தனை வருட அனுபவமுள்ள நிறுவனத்துக்கு இந்த யோசனை எங்கிருந்து வந்திருக்கும்? வெறும் கற்பனையிலிருந்து வந்திருக்காது. ‘பயனுள்ள உள்ளடக்கம்’ என்ற மாற்றத்தைக் கூகுள் 2022 ஆகஸ்டில் அறிவித்தபோது, யாருக்கும் பயன்படாத பக்கங்களை நீக்கினால் மற்றப் பக்கங்களின் இடம் உயரக்கூடும் என்று அதுவே சொல்லியிருந்தது. ‘பயன்படாத’ என்பது வாய்க்கு வாய் மாறும்போது ‘பழைய’ என்று ஆகிவிடுவது எளிது. தேடுபொறிக்காக எழுதுவது பற்றி இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பகுதி இப்படித்தான் இருக்கிறது. முழுப் பொய் குறைவு, ஒரு காலத்தில் உண்மையாக இருந்ததும் பாதி உண்மையாக இருப்பதும்தான் அதிகம். முழுப் பொய்யைக்கூடச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடலாம்.

இது ஏதோ பெரிய நிறுவனங்களின் கவலை என்று விட்டுவிட முடியாது. ஊறுகாய் விற்பவரும் டியூஷன் சென்டர் நடத்துபவரும் இன்று ஒரு இணையதளம் வைத்திருக்கிறார்கள். அதற்கு எழுதித் தரும் கன்டென்ட் ரைட்டருக்கு வரும் உத்தரவைப் பார்த்தால் தெரியும்: கீவேர்டு நூறு வார்த்தைக்கு இரண்டு தடவை வரவேண்டும், மொத்தம் 1500 வார்த்தைக்குக் குறையக் கூடாது, கடைசியில் ஐந்து கேள்வி-பதில் கட்டாயம். ஒவ்வொன்றும் யாரோ எங்கோ படித்தது. எப்போது படித்தது என்று கேட்டால்தான் சிக்கல்.

அந்தக் கேள்வி-பதிலையே எடுத்துக்கொள்வோம். 2019இல் கூகுள் ஒரு வசதி கொடுத்தது. பக்கத்தில் உள்ள கேள்வி-பதில்களைக் குறிப்பிட்ட நிரல் வடிவில் எழுதிவைத்தால், அவை தேடல் முடிவிலேயே விரிந்து தெரியும். திரையில் கூடுதல் இடம் கிடைத்தது. ஆலோசகர்கள் எல்லோரும் அதைச் சொன்னார்கள், அன்றைக்கு அது சரியும்கூட. 2023 ஆகஸ்டில் கூகுள் அந்த வசதியைப் பெயர்பெற்ற அரசு, மருத்துவத் தளங்களோடு நிறுத்திக்கொண்டது. ஊறுகாய்க் கடையின் பக்கத்தில் மட்டும் ‘ஊறுகாய் என்றால் என்ன?’ என்ற கேள்வி இன்னும் நின்றுகொண்டிருக்கிறது.

கட்டுரையாளரின் பெயரும் படமும் தேடலில் தெரியவைத்த ‘ஆத்தர்ஷிப்’ 2011இல் வந்து 2014இல் மறைந்தது. பக்கத்தின் தலையில் மறைவாக எழுதப்படும் மெட்டா கீவேர்டுகளைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் வெளிப்படையாக எழுதியது 2009 செப்டம்பரில். பக்கத்தின் சுருக்கமாக எழுதப்படும் மெட்டா டிஸ்கிரிப்ஷனும் தரவரிசையில் கணக்கில்லை என்பதும் அதே அறிவிப்பில் உண்டு. தேடல் முடிவில் தலைப்பின் கீழே அது சில சமயம் தெரியும், அவ்வளவுதான். இவற்றை இன்றும் ரகசியம்போல் சொல்லித்தருபவர்கள் இருக்கிறார்கள்.

ஆகவே ஓர் ஆலோசனையைப் படித்ததும் முதலில் தேதியைத் தேடவேண்டும். தலைப்பில் உள்ள வருடத்தை நம்பிப் பயனில்லை, அதை மாற்ற ஒரு நிமிடம் போதும். உள்ளே காட்டியிருக்கும் எடுத்துக்காட்டுகளும் ஸ்கிரீன்ஷாட்களும் எந்த ஆண்டைச் சேர்ந்தவை என்று பார்ப்பது மேல்.

அடுத்தது எண்கள். ஒரு எண்ணைச் சொல்லிவிட்டால் ஆலோசனைக்கு ஆய்வின் களை வந்துவிடுகிறது. பேக்லிங்கோ என்ற தளம் 2016இல் பத்து லட்சம் தேடல் முடிவுகளை அலசி, முதல் பக்கத்தில் வரும் கட்டுரையின் சராசரி நீளம் 1,890 வார்த்தை என்றது. அதே தளம் 2020இல் 1 கோடியே 18 லட்சம் முடிவுகளை அலசியபோது சராசரி 1,447. நான்கே வருடத்தில் கூகுளுக்கு 443 வார்த்தை அலுத்துப்போனதா என்ன? கணக்கில் தவறு இருக்கவேண்டும் என்பதில்லை. அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் தவறு. குடை விரிந்திருக்கும் தெருவிலெல்லாம் மழை பெய்கிறது என்பதற்காகக் குடையை விரித்து மழையை வரவழைக்க முடியாது. ஆழமாக எழுதியதால் நீண்ட பக்கமும் உண்டு. பெரிய நிறுவனம் என்பதால் பலரும் லிங்க் கொடுத்து மேலே வந்த பக்கமும் உண்டு. சராசரிக்கு இந்த வித்தியாசம் தெரியாது. கூகுளின் சொந்த வழிகாட்டியோ, எங்களுக்குப் பிடித்தமான வார்த்தை எண்ணிக்கை என்று ஒன்று இல்லை என அடைப்புக்குறிக்குள் போட்டே சொல்கிறது.

விஞ்ஞானப் பெயர் சூட்டிக்கொண்டு வரும் ஆலோசனை இன்னொரு வகை. ‘எல்.எஸ்.ஐ. கீவேர்டு’ என்ற பெயரில் தொடர்புள்ள சொற்களைப் பட்டியல் போட்டுக் கொடுக்கும் கருவிகள் பல ஆண்டுகளாக விற்பனையில் உள்ளன. எல்.எஸ்.ஐ. என்பது 1980களின் இறுதியில், இணையம் பொதுமக்களிடம் வருவதற்கு முன்பே, ஆவணத் தொகுப்புகளில் தேடுவதற்காக உருவான கணித முறை. அப்படி ஒரு கீவேர்டே கிடையாது என்று கூகுளின் ஜான் முல்லர் 2019இல் ஒற்றை வரியில் முடித்துவிட்டார். இதேபோல, ‘டொமைன் அத்தாரிட்டி’ என்ற மதிப்பெண் மோஸ் என்ற தனியார் நிறுவனம் தன் கருவிக்காகப் போடுவது. கூகுளின் கணக்குப் புத்தகத்தில் அது இல்லை. எழுதும்போது பச்சை விளக்கு எரியவைக்கும் மென்பொருள்களுக்கும் இது பொருந்தும். விளக்கு பச்சையாகிவிட்டால் அந்த மென்பொருளின் விதிக்கு நாம் உட்பட்டுவிட்டோம் என்று மட்டும்தான் பொருள்.

அப்படியானால் கூகுள் சொல்வதை மட்டும் கேட்டால் போதாதா? போதாது.

நீண்ட கட்டுரையைப் பல பக்கமாகப் பிரித்தால் முந்தையது எது, அடுத்தது எது என்று நிரலில் குறிக்கவேண்டும் என்பது கூகுளே தன் உதவிப் பக்கத்தில் தந்திருந்த அறிவுரை. சில வருடங்களாகவே அந்தக் குறியைத் தாங்கள் பயன்படுத்தவில்லை என்று 2019 மார்ச்சில் அதே நிறுவனம் ஒப்புக்கொண்டது. அதுவரை உலகம் முழுக்கப் பலர் உட்கார்ந்து அந்தக் குறியை எழுதிக்கொண்டிருந்தார்கள். இன்னொன்று இதைவிடக் கனமானது. தேடுபவர் எதைக் கிளிக் செய்கிறார் என்பது தரவரிசையை நேரடியாகப் பாதிக்காது என்ற தொனியிலேயே கூகுள் தரப்பினர் பல ஆண்டுகள் பேசிவந்தார்கள். அமெரிக்க அரசு தொடுத்த ஏகபோக வழக்கில் 2023 அக்டோபரில் சாட்சிக் கூண்டேறிய கூகுள் துணைத் தலைவர் பாண்டு நாயக், கிளிக்குகளின் தகவலைத் திரட்டி வைத்துக்கொள்ளும் ‘நாவ்பூஸ்ட்’ என்ற அமைப்பைப் பற்றி விவரித்தார். பதின்மூன்று மாதக் கிளிக்குகள் அதில் இருக்கும் என்பதும் வெளிவந்தது. 2024 மே மாதம் கூகுளின் உள்ஆவணங்கள் கசிந்தபோது அவற்றில் 14,000க்கும் மேற்பட்ட கூறுகள் பெயரோடு இருந்தன. எதற்கு எவ்வளவு எடை, எது இப்போது நடப்பில் உள்ளது என்பது மட்டும் அவற்றில் இல்லை. அந்தக் கசிவைக் காட்டி ‘நிரூபணமாகிவிட்டது’ என்று தொடங்கும் கட்டுரைகளைச் சற்றுத் தள்ளியே வைக்கலாம்.

கூகுளின் வார்த்தைக்கு ஒரே சீரான மதிப்புக் கிடையாது. எதைச் செய்தால் தண்டிப்போம், எதற்காக நேரத்தை வீணாக்கவேண்டாம் என்று எழுத்தில் சொல்லும்போது அதை நம்பலாம். தரவரிசை எப்படி இயங்குகிறது என்று வாய்மொழியாகச் சொல்லும்போது கொஞ்சம் கழித்துத்தான் கேட்கவேண்டும். முழுக்கச் சொன்னால் குறுக்குவழிக்காரர்கள் புகுந்துவிடுவார்கள் என்ற நியாயமான பயம் அவர்களுக்கு உண்டு.

குறுக்குவழிக்காரர்களின் வாதம் வேறு: ‘நான் செய்து பார்த்தேன், பலித்தது.’ பலித்திருக்கும்தான். ஜெர்மனியில் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் ‘பழைய கார்’ என்பதற்கான ஜெர்மன் சொல்லைத் திரும்பத் திரும்ப நிரப்பிய பக்கங்களைத் தேடுபொறிக்கென்றே வைத்திருந்தது. வாசகர் வந்தால் அவரை வேறொரு பக்கத்துக்கு அனுப்பிவிடும். 2006 பிப்ரவரியில் கூகுள் அந்தத் தளத்தையே பட்டியலிலிருந்து தூக்கியது. பக்கங்களை நீக்கிய பிறகு சில நாட்களில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். பி.எம்.டபிள்யூ. என்பதால் சில நாள். ஊறுகாய்க் கடைக்கு எத்தனை மாதம் ஆகியிருக்குமோ!

தமிழில் எழுதுபவர்களுக்குச் சொந்தமாக ஒரு தலைவலி உண்டு. ஆலோசனைகள் பெரும்பாலும் ஆங்கிலத் தேடலை வைத்து எழுதப்பட்டவை. தலைப்பு 60 எழுத்துக்குள் இருக்கவேண்டும் என்ற விதியைப் பார்க்கலாம். தலைப்பு நீளத்துக்கு வரம்பில்லை, திரையின் அகலத்துக்கு ஏற்பத் தேடல் முடிவில் வெட்டப்படும் என்பதுதான் கூகுள் ஆவணம் சொல்வது. ‘தமிழ்நாடு’ என்று எழுதினால் நமக்கு ஐந்து எழுத்து. எழுத்தெண்ணும் கருவிகள் பலவற்றுக்கு ஒன்பது, ஏனென்றால் யூனிகோடில் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனி. கருவியின் கணக்கும் பொருந்தாது, நம் கணக்கும் பொருந்தாது. கைபேசியில் தேடிப் பார்த்து எங்கே வெட்டுகிறது என்று கண்ணால் காண்பதுதான் வழி. கீவேர்டை எண்ணும் கருவிக்கும் இதே கதி: ‘மதுரை’, ‘மதுரையில்’, ‘மதுரைக்கு’ மூன்றையும் அது மூன்று சொல்லாக எண்ணிவிட்டு, கீவேர்டு போதவில்லை என்று சிவப்பு காட்டலாம்.

சொந்தத் தளம் இருந்தால் ஓர் ஆலோசனையைச் சோதிக்கக் காசு செலவில்லை. கூகுளின் சர்ச் கன்சோல் இலவசம், எந்தத் தேடலுக்கு எந்தப் பக்கம் எத்தனை தடவை தெரிந்தது, எத்தனை கிளிக் வாங்கியது என்று 16 மாதம் வரை காட்டும். ஒரேமாதிரியான இருபது பக்கங்களில் பத்தின் தலைப்பை மட்டும் மாற்றிவிட்டு மற்றப் பத்தைத் தொடாமல் சில வாரம் விட்டால், இரண்டு கூட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எதனால் ஏறியது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் பட்டுப்புடவைப் பக்கம் ஏறினால் அது தலைப்பின் சாமர்த்தியம் இல்லை. போன வருடம் இதே வாரத்தோடு ஒப்பிடவேண்டும். கூகுளின் பெரிய மாற்றங்கள் எந்தத் தேதியில் தொடங்கி எப்போது முடிந்தன என்பதும் அதன் நிலவரப் பலகையில் வெளியாகிறது. அந்த நாட்களில் நடந்த ஏற்ற இறக்கத்தை நம் கணக்கில் சேர்க்கக் கூடாது.

இப்போது கூட்டம் சாட்-ஜிபிடி பக்கம் நகர்ந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவின் பதிலில் நம் பக்கம் வர எப்படி எழுதுவது என்ற ஆலோசனைதான் சந்தையில் புதுச் சரக்கு. இதில் ஆய்வென்று சொல்லத்தக்கதும் உண்டு. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தினர் உள்ளிட்டோர் 2023 நவம்பரில் வெளியிட்ட கட்டுரையில், மேற்கோளும் புள்ளிவிவரமும் சேர்த்த பக்கங்கள் பதில்களில் கூடுதலாக இடம்பிடித்தன, கீவேர்டைத் திணித்ததால் பலன் கிட்டவில்லை. அது ஒரு சோதனைத் தொகுப்பின் முடிவு, அதையும் அந்த அளவில்தான் எடுத்துக்கொள்ளவேண்டும். செயற்கை நுண்ணறிவு படிப்பதற்கென்றே எழுதும் ‘எல்.எல்.எம்.எஸ்.டெக்ஸ்ட்’ என்ற கோப்பைத் தளத்தில் வைத்தால் போதும் என்பது மற்றொரு ஆலோசனை. 2024 செப்டம்பரில் முன்மொழியப்பட்ட அந்தக் கோப்பை, பழைய மெட்டா கீவேர்டோடு 2025இல் ஒப்பிட்டார் அதே ஜான் முல்லர். யார் சொல்வது சரி என்று தளத்தின் சர்வர் பதிவேட்டைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். அந்தக் கோப்பை எந்த நிறுவனத்தின் பாட் எந்தத் தேதியில் வந்து கேட்டது, அல்லது யாருமே கேட்கவில்லையா என்பது வரிவரியாக அதில் இருக்கும்.