உங்களுக்குத் தெரியுமா? பாவசங்கீர்த்தனத்துக்கு 1580-லேயே தமிழ் நூல்

தமிழில் முதன்முதலாக அச்சேறிய சில நூல்களுள் ஒன்று, பாவசங்கீர்த்தனக் கையேடு; அதாவது குருவிடம் பாவங்களை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறுவதற்கான வழிகாட்டி. இயேசு சபைக் குரு அண்டிரிக் அடிகளாரின் ‘கொம்பெசியொனாயரு’ 1580-இல் கொச்சியில் அச்சானது. முத்துக்குளித்துறை மக்கள் தங்கள் மொழியிலேயே குற்றத்தைச் சொல்லி மன்னிப்புப் பெற வேண்டும் என்ற அக்கறை அதில் தெரிகிறது. அந்த மன்னிப்பைக் கடவுளிடம் நேரே கேட்டால் போதாதா, நடுவில் குரு எதற்கு என்பது நியாயமான கேள்விதான். நேரே மன்றாடுவதைத் திருச்சபை ஒருபோதும் தடுப்பதில்லை. ஆனால் இறைவன் மன்னித்தாரா, நாமே சமாதானம் சொல்லிக்கொண்டோமா என்று தனிமையில் மனம் குழம்பும். குரு சொல்லும் மன்னிப்போ காதில் விழுகிறது. அந்த அதிகாரத்தை உயிர்த்த இயேசு சீடர்களுக்கு அளித்ததாக யோவான் நற்செய்தியின் 20-ஆம் அதிகாரம் கூறுகிறது. சொன்னது வெளியே போகுமோ என்ற பயமும் வேண்டாம்: 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 983-ஆம் பிரிவின்படி, எக்காரணம் கொண்டும் குரு அதை வெளியிடக் கூடாது.

இன்னும் பலர் அறியாதது அதே சட்டத்தின் 986-ஆம் பிரிவு. மக்களுக்கு வசதியான நாளிலும் நேரத்திலும் பாவசங்கீர்த்தனம் கேட்க ஏற்பாடு செய்வது பங்குத்தந்தையின் கடமை என்கிறது அது. எனவே எளாவூர், கும்மிடிப்பூண்டி சிப்காட் பகுதிகளில் இரவு ஷிப்ட் பார்ப்பவர்கள் தயங்காமல் தங்களுக்கேற்ற நேரத்தைக் கேட்கலாம்.