பறவையின் அட்ரீனல் சுரப்பியும் அதன் இரு ஆணைகளும்

கேரளத்தின் வட்டவடையில், 2003-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பாம்பாடும் சோலையில், நீலகிரிக் காட்டுப்புறா ஒற்றை முட்டையை அடைகாக்கிறது. கருங்கழுகின் நிழல் படிந்ததும் திடுக்கிட்டுப் பறக்கிறது. அக்கணமே அதன் உடலில் இரண்டு ஆணைகள் பிறக்கின்றன.

இரண்டும் சென்று சேருமிடம் சிறுநீரகங்களின் முன்முனையை ஒட்டிய அட்ரீனல் சுரப்பிகளாகும். பாலூட்டிகளில் இச்சுரப்பியின் புறணி வெளியேயும் அகணி உள்ளேயும் தனித்தனியே அமைந்திருக்கும். பறவைகளிலோ இவ்விரு திசுக்களும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும். அகணித் திசுவிலுள்ள அட்ரீனலின், நார்அட்ரீனலின் ஆகியவற்றின் விகிதம் பறவை இனத்திற்கேற்ப மாறுபடும். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் அசோக் கோஷ் இதனை விரிவாக ஆராய்ந்தவர்.

முதல் ஆணை பரிவு நரம்பின் வழியே நொடிகளில் வந்தடைகிறது. அகணித் திசு உடனே சுரக்கிறது. இதயத் துடிப்பு விரைகிறது. இரண்டாம் ஆணை இரத்தத்தின் வழியே வருகிறது. மூளையின் ஹைப்போதலாமஸ் தூண்ட, பிட்யூட்டரி சுரப்பி ஒரு ஹார்மோனை வெளியிடுகிறது. அது புறணித் திசுவைக் கார்ட்டிகோஸ்டிரோன் சுரக்கச் செய்கிறது. இதற்குச் சில நிமிடங்கள் ஆகும். ஆகவேதான் பறவையின் இயல்பு நிலையை அறிய விரும்பும் ஆய்வாளர்கள், அதைப் பிடித்த 3 நிமிடங்களுக்குள் இரத்தம் எடுக்கின்றனர்.

ஆபத்து அகன்றதும், மிகுந்துவிட்ட கார்ட்டிகோஸ்டிரோனே மூளையையும் பிட்யூட்டரியையும் அடக்கிச் சுரப்பைத் தணிக்கிறது. ஆனால் தொல்லை ஓயாது நீடித்தால் சுரப்பும் நீடிக்கும். இனப்பெருக்க ஹார்மோன்கள் குன்றும். பறவை கூட்டையே கைவிடவும் கூடும். ஒற்றை முட்டையிடும் காட்டுப்புறாவுக்கு அது அக்கூட்டின் முழு இழப்பாகும்.