கந்தல் கால்சட்டைப் பரோபகாரிகள்

நல்ல புஸ்தகம் எப்படியும் வெளிவந்தே தீரும் என்று நம்மில் பலர் எண்ணிக் கொண்டிருக்கிறோம். பூ மலர்ந்தால் மணம் தானே பரவுவது போல! ஆனால், பூவுக்குக் காற்று ஒன்று போதும். புஸ்தகத்துக்கோ பிரசுரகர்த்தர் வேண்டும், அச்சுக்கூடம் வேண்டும், விலை கொடுத்து வாங்கும் வாசகரும் வேண்டும். எழுதியவர் ஏழைத் தொழிலாளியாக இருந்துவிட்டாலோ, இவ்வாசல் ஒவ்வொன்றிலும் அவர் காத்து நிற்க வேண்டியதுதான். இதற்குச் சான்றாக இங்கிலாந்தில் நடந்த ஒரு வரலாற்றை நேயர்களுக்குச் சொல்லுகிறோம்.

ராபர்ட் நூனன் என்பவர் 1870ல் டப்ளின் நகரில் பிறந்தார். சில காலம் தென்னாப்பிரிக்காவில் இருந்துவிட்டு, இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள ஹேஸ்டிங்ஸ் என்ற ஊரில் குடியேறினார். வீடுகளுக்கு வர்ணம் பூசுவதும், கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதுவதும் அவருடைய ஜீவனம். ஒரே மகளைக் காப்பாற்றும் பாரம் ஒரு புறம். உடலை அரித்து வந்த க்ஷயரோகம் மறு புறம். இந்த நிலையில், பகலெல்லாம் உழைத்துவிட்டு, மிஞ்சிய பொழுதில் ஒரு பெரிய நாவலை எழுதி முடித்தார். கையெழுத்துப் பிரதி ஏறக்குறைய 1,600 பக்கம்! வர்ணக்காரர்கள் பலகையைத் தாங்கி நிறுத்தும் மரக்காலுக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரையொட்டி, ராபர்ட் டிரெஸல் என்று புனைபெயரும் சூட்டிக் கொண்டார்.

நாவலின் பெயரைத் தமிழில் 'கந்தல் கால்சட்டைப் பரோபகாரிகள்' எனலாம். கந்தலுடுத்தவன் பரோபகாரியாவது எப்படி? தன் உழைப்பின் பலனையெல்லாம் முதலாளிக்குத் தானம் செய்துவிட்டுத் தான் பட்டினி கிடக்கிறானே, அவனைவிடப் பெரிய தர்மப் பிரபு யார் என்பதுதான் ஆசிரியரின் கேலி. வேலையிடத்தில் மத்தியான உணவு வேளையில், ரொட்டித் துண்டுகளை வைத்துக் கொண்டு, கூலியும் லாபமும் எவ்வாறு பிரிகின்றன என்று கதாநாயகன் ஓவன் தோழர்களுக்கு விளக்கும் கட்டம் மிகப் பிரசித்தமானது.

மூன்று பிரசுரகர்த்தர்கள் பிரதியைத் திருப்பி அனுப்பினார்கள். மனமுடைந்த நூனன் அதை நெருப்பிலிடத் துணிந்தார். மகள் காத்லீன்தான் தடுத்து, ஒரு தகரப் பெட்டியில் பத்திரப்படுத்தினாள். கனடாவுக்குப் போய்ப் பிழைக்கலாம் என்று புறப்பட்ட நூனன், 1911ல் லிவர்பூல் நகரில் காலமானார். ஏழைகள் பன்னிருவருடன் ஒரே குழியில் அவரை அடக்கம் செய்தார்கள்.

பின்னர், காத்லீன் ஜெஸ்ஸி போப் என்ற எழுத்தாளரிடம் பிரதியைக் காட்ட, அவர் மூலம் அது கிராண்ட் ரிச்சர்ட்ஸ் என்ற பிரசுரகர்த்தரிடம் சென்றது. உரிமை முழுவதையும் அவர் 25 பவுனுக்கு வாங்கிக் கொண்டார். 1914ல் புஸ்தகம் வெளிவந்தது. ஆனால், எப்படி வந்தது? ஜெஸ்ஸி போப்பின் கத்தரிக்கோலுக்குத் தப்பியது மட்டுமே வந்தது. பொதுவுடைமையைப் பற்றிய பேச்சுகளில் பெரும்பகுதி போயிற்று. வருங்காலத்தில் நம்பிக்கையோடு நாவலை முடித்திருந்தார் நூனன். அச்சேறிய பதிப்போ தற்கொலையைப் பற்றிய சிந்தனையில் முடிந்தது. தொழிலாளியின் கண்ணீர் விலை போயிற்று. அவனுடைய வாதம் விலை போகவில்லை!

விலையைத்தான் பாருங்கள்: ஆறு ஷில்லிங். நாவலில் வரும் தேர்ந்த வர்ணக்காரனுக்கு மணிக்கு ஏழு பென்ஸ் கூலி. ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்ஸ் வீதம் கணக்கிட்டால், தன் கதையைத் தானே வாங்கிப் படிக்க அவன் பத்து மணி நேரத்துக்கு மேல் சுவரில் வர்ணம் பூச வேண்டும்! 1918ல் மலிவுப் பதிப்பு வந்தது. ஆனால், விலையைக் குறைத்தவர்கள் கதையையும் மேலும் குறைத்துவிட்டார்கள். நல்ல நூல்களை ஆறு பென்ஸுக்குத் தருவதென்று 1935ல் தொடங்கிய பெங்குவின் பதிப்பகம் 1940ல் இதை வெளியிட்டபோதும், வந்தது குறைப் பிரதிதான். அப்படியிருந்தும் தொழிலாளிகள் அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தார்கள்.

ஹேஸ்டிங்ஸ் ஊர்க்காரரான பிரெட் பால் என்பவர் 1946ல் மூலப் பிரதியைத் தேடிக் கண்டுபிடித்தார். அவரும் உழைத்துப் பிழைத்தவர். வெட்டுண்ட பகுதிகளை அவர் உரிய இடத்தில் சேர்க்க, 1955ல் நாவல் முழு உருவில் வெளிவந்தது. முதற் பதிப்புக்குப் பின் நாற்பத்தொரு வருஷங்கள் கழித்து!

கிராண்ட் ரிச்சர்ட்ஸையும் ஜெஸ்ஸி போப்பையும் நாம் நிந்திக்க வரவில்லை. அவர்கள் இல்லையேல் பிரதி தகரப் பெட்டியிலேயே மக்கியிருக்கலாம். ஆயினும், ஏழையைப் பேச விடுவது வேறு. அவன் பேச்சில் நமக்குப் பிடித்ததை மட்டும் கேட்பது வேறு. முன்னது நியாயம், பின்னது வெறும் இரக்கம். நூனன் கேட்டது இரக்கமல்ல. நேயர்கள் ஒரு தொழிலாளி எழுதிய நூலை வாங்கும்போது, அதன் விலையோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டுகிறோம்: அவர் எழுதியது முழுவதும் அதில் இருக்கிறதா?