பத்துச் சதப் படக்கதையின் விலை

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலே, ஏறத்தாழப் பத்தாயிரம் டொலருக்குப் பழைய வீடொன்றை வாங்கித் திருத்திக்கொண்டிருந்த ஒருவர், சுவரினுள் திணிக்கப்பட்டிருந்த பழந்தாள்களிடையே ஒரு படக்கதைப் புத்தகத்தைக் கண்டெடுத்தார். 1938ஆம் ஆண்டு ஜூன் மாதத் தேதியிட்ட 'அக்ஷன் கொமிக்ஸ்' முதலாம் இலக்கம் அது. சுப்பர்மான் உலகிற்கு அறிமுகமானது அவ்விதழிலேதான். அன்று அதன் விலை பத்துச் சதம்.

செய்தி அறிந்த உறவினர் ஒருவர் ஆவலோடு புத்தகத்தைப் பற்றினார்; இவர் பறித்தார்; பின்னட்டை கிழிந்தது. 2013ஆம் ஆண்டு ஏலத்தில் அது 175,000 டொலருக்கு விலைபோயிற்று. அந்த ஒரு கிழிசலால் நேர்ந்த நட்டம் 75,000 டொலர் வரையிலிருக்கும் என மதிப்பிட்டனர்! மறு ஆண்டிலே அதே இதழின் வேறொரு பிரதி 32 இலட்சம் டொலருக்கு விற்பனையாயிற்று.

ஒரே கதை, ஒரே அச்சு. விலையில் மட்டும் ஏனிந்த வேறுபாடு? பிரதியின் நிலைமையே காரணம். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே தொடங்கப்பட்ட சி.ஜி.சி. என்னும் நிறுவனம், இத்தகைய இதழ்களைப் பரிசோதித்துப் பத்துப் புள்ளிகளுக்குள் தரமிடுகின்றது. சுவரிற் கிடைத்தது 1.5 பெற்றது, மற்றையது 9.0.

பரிசோதகர் முதலிற் பக்கங்களை எண்ணுவர். சிறுவர் கத்தரித்தெடுத்த விளம்பரத் துண்டொன்று குறைந்தாலும் மதிப்பு வீழும். பின்னர் முதுகு மடிப்பு, மூலைகள், தைத்த கம்பியிற் படிந்த துரு, தாளின் நிறம் ஆகியவற்றை நோக்குவர். அளவும் முக்கியம். 1974இல் இம்முதலிதழ் பெரிய அளவிலே மறுபதிப்பாயிற்று. அதன் வெளியட்டையை நீக்கி மூலப் பிரதியென விற்க முயன்றோரும் உளர்.

கிழிந்ததை ஒட்டிவிட்டாலென்ன என்று சிலர் கேட்கலாம். அதுவே பெருங்கேடு. ஒட்டுநாடாவின் பசை காலப்போக்கில் தாளினுட் கசிந்து நீங்காத கறையாகும். மங்கிய இடத்தில் வர்ணம் தீட்டுவதும், ஓரத்தை வெட்டிச் சீராக்குவதும் பரிசோதகர் கண்ணுக்குத் தப்பா. திருத்தப்பட்ட பிரதியென்று தனிச்சீட்டு இடுவர். விலையும் இறங்கும். கிழிந்ததைக் கிழிந்தபடியே விடுதல் நன்று.

இவ்விதழ்கள் மலிவான மரக்கூழ்த் தாளில் அச்சாயின. அத்தாளிலுள்ள லிக்னின் என்னும் பொருள் காற்றும் ஒளியும் பட்டு அமிலமாகிறது. தாள் பழுத்துப் பின் நொறுங்குகின்றது. வெப்பமும் ஈரமும் இதனை விரைவுபடுத்தும். ஆதலால், மைலார் எனப்படும் தெளிந்த பொலியெஸ்டர் உறையிலிட்டு, அமிலமற்ற அட்டையொன்றைப் பின்னே வைத்து, குளிர்ந்து உலர்ந்த இருளிற் பேணுகின்றனர். பி.வி.சி. பிளாஸ்டிக் உறை ஆகாது. அதிலிருந்து வெளிப்படும் பொருள்கள் தாளைக் கெடுக்கும்.

உறையெதுவுமின்றிப் பிழைத்தவையும் உண்டு. டென்வர் நகரத்து ஓவியர் எட்கார் சேர்ச் என்பவர், தாம் வாங்கிய இதழ்களைத் தம் வீட்டு நிலவறையிலே நெருக்கமாக அடுக்கிவைத்தார். டென்வர் கடல்மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரத்திலுள்ள வறண்ட ஊர். அடுக்கின் இறுக்கத்தாற் காற்றும் உட்புகவில்லை. 1977ஆம் ஆண்டில் வியாபாரியொருவர் அவற்றை வாங்கியபோது, நாற்பதாண்டு அகவையுடைய இதழ்களிற் பலவற்றின் தாள் இன்னும் வெண்மையாகவே இருந்தது.