தோட்டத்து விறகுக்கு எந்த மெஷின்?

கேஸ் அடுப்பு வந்துவிட்டாலும் தோப்பும் தோட்டமும் உள்ள வீடுகளில் விறகின் தேவை தீர்ந்துபோகவில்லை. நெல் அவிக்க, வெந்நீர் போட, வீட்டு விசேஷத்துக்குக் கோட்டை அடுப்பு மூட்ட என்று வருஷத்தில் சில தடவையாவது கட்டை அறுத்தாக வேண்டும். கோடாலி பிடிக்க ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்து டெல்டாவின் தென்னைகளைச் சாய்த்துப் போட்டபோது, செயின்சா என்ற மரம் அறுக்கும் மெஷின் என்ன வேலை செய்யும் என்பதை அந்தப் பக்கத்து ஊர்கள் நேரிலேயே பார்த்தன. இன்று விவசாயக் கருவி விற்கும் கடைகளில் அது சாதாரணமாகக் கிடைக்கிறது. எதை வாங்குவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

கடையில் பெரும்பாலும் முதலில் எடுத்துக் காட்டப்படுவது 58 சி.சி. மெஷின், அதில் 22 அங்குல பார், அதாவது செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு. விலையும் குறைவு, பார்க்கவும் கம்பீரம். எப்போதாவது விறகு அறுப்பவருக்கு அது வேண்டாம் என்பதே என் கருத்து. விறகாகும் சீமைக்கருவேலம், வேம்பு, புளியங்கிளை எல்லாம் பெரும்பாலும் ஓர் அடி கனத்துக்குள் அடங்கிவிடும். அதற்கு 45 முதல் 50 சி.சி. மெஷினும் 16 அல்லது 18 அங்குல பாரும் தாராளம். அதைவிடக் கனமான அடிமரம் வந்தால் ஒரு பக்கம் அறுத்துவிட்டு மறுபக்கம் போய் அறுக்கலாம்.

எடையையும் கவனிக்க வேண்டும். உதாரணத்துக்கு ஸ்டில் எம்.எஸ். 250 என்ற 45 சி.சி. மெஷின், பாரும் செயினும் பெட்ரோலும் இல்லாமல் 4.6 கிலோ. எல்லாம் சேர்ந்தால் ஆறு கிலோவைத் தாண்டும். கடையில் டேங்க் நிரப்பிய மெஷினைக் கையில் வாங்கி, இடுப்பு உயரத்தில் ஐந்து நிமிஷம் பிடித்துப் பாருங்கள். கை நடுங்கினால் அந்த மெஷின் உங்களுக்கு இல்லை.

நீள பார் ஏன் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பாரின் நுனியில், மேல்பாதி ஏதாவது கட்டையில் பட்டால் மெஷின் அப்படியே துள்ளி, அறுப்பவரின் முகத்தை நோக்கித் திரும்பும். கண் இமைக்கும் நேரத்துக்குள் நடந்துவிடும், சுதாரிக்க முடியாது. கவட்டையும் முள்ளுமாகப் பின்னிக் கிடக்கும் கருவேலங்குவியலில் நுனி எங்கே போய் முட்டுகிறது என்பதே தெரியாது. பார் நீள நீள இந்த ஆபத்தும் கூடும். அதனால் முன் கைப்பிடிக்கு முன்னால் நிற்கும் காப்பைக் கவனியுங்கள். அதை முன்னுக்குத் தள்ளினால் செயின் அந்தக் கணமே நிற்க வேண்டும். இந்தச் செயின் பிரேக்கைக் கடைக்காரரை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். நிற்காத மெஷினை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

மெஷின் எதுவானாலும் வெட்டுவது பல்தான். ஜோசப் காக்ஸ் என்ற அமெரிக்க மரவெட்டி, மரத்தைக் குடையும் வண்டின் புழு இடமும் வலமுமாக மாறி மாறிக் கடித்துப் போவதை 1946-ல் கவனித்தார். அதைப் பார்த்து அவர் செய்த செயினின் வடிவம்தான் இன்றும் நம் கையில் இருக்கிறது. அந்தப் பல் மழுங்கிவிட்டால் 58 சி.சி.யும் பயன்படாது. மரத்தூள் சீவல் சீவலாக விழுந்தால் கூர்மை இருக்கிறது. மாவு மாதிரி விழுந்தால் போய்விட்டது. ஒரு தடவை மண்ணில் உரசினாலே போதும், கூர் போய்விடும். கட்டையை நேரே தரையில் போட்டு அறுக்காமல், கீழே இரண்டு துண்டுகள் குறுக்கே வைத்து அதன்மேல் கிடத்த வேண்டும். செயினுக்கு ஏற்ற உருண்டை அரத்தை மெஷினோடேயே வாங்கிவிடுங்கள். கண்ணி அளவு பாயிண்ட் 325 அங்குலம் என்ற செயினுக்கு 4.8 மில்லிமீட்டர் அரம். உள்ளிருந்து வெளியே ஒரே திசையில், ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் அரத்தைத் தள்ள வேண்டும். எண்ணிக்கை மாறினால் வெட்டு ஒருபக்கமாகக் கோணிப் போகும்.

எப்போதாவது ஓடும் மெஷினைக் கெடுப்பது உள்ளே தங்கும் பெட்ரோல். பங்க் பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறது. அது ஈரத்தை இழுத்து, கார்புரேட்டரின் டயஃப்ரத்தைக் கெடுக்கும். வேலை முடிந்ததும் டேங்கை வடித்து, மிச்சம் தீரும்வரை ஓட்டி நிறுத்துங்கள். ஆயில் கலக்காத பெட்ரோலில் ஓட்டினால் பிஸ்டன் சீஸ் ஆகிவிடும். 50-க்கு 1 என்று எழுதியிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி ஆயில், 25-க்கு 1 என்றால் 40 மில்லி. செயினுக்கு டிராக்டரில் வடித்த பழைய ஆயிலை ஊற்றுவது பல இடங்களில் வழக்கம். அதிலுள்ள இரும்புத் துகளே பாரைத் தின்றுவிடும்.

வருஷத்துக்கு ஒரே தடவைதான் வேலை என்றால் மெஷின் வைத்திருப்பவரைக் கூலிக்குக் கூப்பிடுவதே நல்லது. பக்கத்து ஊரில் ஸ்பேரும் பட்டறையும் இல்லாத பிராண்டு எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். மலைப்பகுதியில் இருப்பவர்கள், சொந்த நிலத்து மரமானாலும் 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்கிய பிறகே வெட்ட வேண்டும்.

பட்ஜெட் போடும்போதே கண்ணாடி, காதடைப்பான், முன்பக்கம் கெட்டியான ஷூ, தொடைக்காப்பு ஆகியவற்றுக்கும் சேர்த்தே போடுங்கள். லுங்கியும் செருப்பும் தோளில் துண்டுமாக யாரையும் இந்த மெஷினைத் தொட விடாதீர்கள். அது அப்பாவாக இருந்தாலும் சரி, பல வருஷம் பழகிய வேலையாளாக இருந்தாலும் சரி.